ஈரக்கழிவு

நாற்பத்தெட்டு.
மணி மூன்று பத்து.
பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது.
என் பெயர் கிராசியெட்டா என்பது தெரிகிறது,
விளக்கு எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

கட்டிலடியில் ஆப்ரிகாட் சாறு, ஆறு பெட்டி.
உறிஞ்சுகுழலின் உறையைப் பிரிக்க
விரல்களுக்கு வழி மறந்துபோயிற்று.
பெட்டியின் மூலையைப் பல்லால் கிழிக்கிறேன்.
பாதி வாய்க்கு,
பாதி கழுத்துக்கு.

இனிப் பதினைந்து நிமிடம்.
இன்னும் இன்னும் என்கிறது உடம்பு,
பொறு என்கிறது பத்தொன்பது வருடப் பழக்கம்.
ஒருமுறை பொறுக்காமல்
பிஸ்கட் டப்பாவைக் காலிசெய்து
முந்நூற்றுப் பத்தோடு விடிந்தேன்.

பகலில் நான் எடை போடுகிறவள்.
காலியரி உப்பளத்தின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள்.
வெறும் லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
நிறைந்து வெளியே போகும்போது ஓர் எடை,
கழித்தால் உப்பு.
பதினோரு வருடத்தில் என் ரசீதோடு
யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

அதேபோல இரவுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன்.
ஏழரைக்கு அவரைச் சூப், இரண்டு ரொட்டி.
ஊசி இடது தொடையில்.
வடமேற்குக் காற்று.
மாதவிலக்குக்கு நான்கு நாள் இருக்கிறது.
தம்பியோடு போனில் வாக்குவாதம், அதையும் எழுதினேன்.
நடந்த நாளும் இறங்கியது,
நடக்காத நாளும் இறங்கியது.

டாக்டர் முர்ஜியா இரண்டு அலகு குறைத்தார். இறங்கியது.
இன்னும் இரண்டு. அன்று இறங்கவில்லை,
மறுநாள் இறங்கியது.
கைமேல் சாய்ந்து படுத்தால் சென்சார் பொய் சொல்லும் என்றார்.
விரலைக் குத்திப் பார்த்தேன், ஐம்பத்தொன்று.
விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
தைராய்டு, சிறுநீரகம், குடல்
எல்லாம் சரியாக இருக்கின்றன என்று
அவர் தாள்களை அடுக்கித் தந்தபோது
பழி போட ஓர் உறுப்புகூட இல்லாமல்
வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கிசியோ,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
லிஃப்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்:
மூன்று மணிக்குக் கூவும் கோழி யாருடையது?
நான் பதில் எழுதவில்லை.
வெட்கம் கொஞ்சம், திமிர் கொஞ்சம்.

பிப்ரவரியில் ஓர் இரவு
போன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நழுவி விழுந்து
அங்கேயே கிடந்து அலறியிருக்கிறது.
எனக்குக் கேட்கவில்லை.
நான் ஏதோ ஒரு தராசின் மேல்
இறங்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்,
முள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
அப்புறம் இடி.
சுவரை முஷ்டியால் குத்துகிறார் மனுஷன்,
வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு.
அந்த வசவில்தான் கண் திறந்தேன்.
முப்பத்தொன்பது.

காலையில் மாடிப்படியில் வழி மறித்து
என்ன ஏது என்று கேட்டார்.
மேல்கையிலிருந்த வில்லையைக் காட்டிச் சொன்னேன்.
வெகுநேரம் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"எவ்வளவு?" என்றார்.
சொன்னேன்.
டன் கணக்கைக் கேட்பவர்போலத் தலையாட்டிவிட்டு இறங்கிப்போனார்.
சீட்டு மட்டும் லிஃப்டில் இன்னும் இருக்கிறது,
இருவருமே கிழிக்கவில்லை.

இப்போது அலாரம் அடித்தால்
சுவரில் ஒரு தட்டல் வரும்.
குடித்தபின் நான் ஒன்று தட்டுவேன்.
அதற்குமேல் பேச்சில்லை.

காரணம் இன்னும் கிடைக்கவில்லை.
உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு:
ஈரத்துக்கென்று நூற்றுக்கு மூன்று விட்டுவிடுவோம்.
எவ்வளவு காயவைத்தாலும் உப்பு
கடலை முழுசாக விட்டு வராது.
அந்த மூன்றை யாரும் கேட்பதில்லை,
அதை விடுவதால்தான் ரசீது சரியாக வருகிறது.
நோட்டில் காரணம் என்ற கட்டத்தில்
இப்போதெல்லாம் ஈரம் என்று எழுதுகிறேன்.
சாறு மட்டும் பன்னிரண்டு பெட்டியாகிவிட்டது.

நேற்று எந்தச் சத்தமும் இல்லை.
ஆனாலும் மூன்று பத்துக்கு விழித்துக்கொண்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
காதைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது,
யாரோ இருமினார்,
தூங்காத இருமல்.