நிலையம் ஐந்து

எட்டு நிமிடத்துக்கு ஒரு மணி.
மணி அடித்தால் எனக்கு நெஞ்சு வலிக்க வேண்டும்,
இடது தோளில் தொடங்கித் தாடை வரைக்கும்.
வியர்வை மட்டும் எனக்கு வராது,
பஞ்சை நனைத்து நெற்றியில் ஒற்ற
ஒரு பெண் நிற்கிறாள்.

டர்பன் மருத்துவக் கல்லூரி, நான்காம் ஆண்டுத் தேர்வு.
இன்றைக்கு நான் மிஸஸ் ரெட்டி,
ஐம்பத்து மூன்று, புகைப்பதில்லை,
ஒரே மகன், ஜோஹன்னஸ்பர்க்கில்.
இதில் வயது மட்டும்தான் கோகிலா கோவெண்டருடையது.
ஜேக்கப்ஸில் தையல் ஆலையை மூடும்வரை
இருபத்தாறு வருடம் காலர் தைத்தவள் நான்.

முன்பு இதே கேள்வி தாளில் வருமாம்:
நெஞ்சுவலிக்கான காரணங்கள் ஆறு கூறுக.
ஆறையும் கூறினான் ஒருவன்.
பிறகு ஒரு ராத்திரி, வார்டில்,
வலிக்கிறது என்றவள் முகத்தைப் பாராமல்
கோப்பைப் பார்த்துக்கொண்டே
ஆறில் நான்காவதை அவளுக்குக் கொடுத்து
வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.
இதைச் சொன்ன டாக்டர் நிர்வாஷ்னி செட்டி
கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார்.

எங்களில் ஏழு பேரைக் கூப்பிட்டு
சமோசாவும் தேநீரும் கொடுத்து
மதிப்பெண் தாளைக் காட்டினார்.
கை கழுவினாரா, பெயர் சொன்னாரா,
எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது:
இருபத்திரண்டு கட்டங்கள்.
வேறு என்ன வேண்டும் என்றார்.

எங்கள் ஆலையிலும் தாள் உண்டு, நான் சொன்னேன்.
தையல் நேர், நூல் வெட்டு, முனை கூர்,
எல்லாம் டிக் வாங்கிய காலர்
மேஜைமேல் அழகாகக் கிடக்கும்.
கழுத்தில் போட்டால்தான்
குத்துகிறதா என்று தெரியும்.

ஒரு பேராசிரியர் சிரித்தார்.
செட்டி எழுதிக்கொண்டார்.
அப்படிப் பிறந்தது இருபத்து மூன்றாவது கட்டம்,
நோயாளி நிரப்ப வேண்டியது:
இவரிடம் மறுபடி வருவீர்களா?
இரண்டு மதிப்பெண்.
அந்த இரண்டுக்காக மூன்று வாரம் சண்டை நடந்ததாம்.
ஆளுக்கு ஆள் மாறுமே, எப்படி அளப்பது என்று.
மாறும்தான். கழுத்தும் மாறுகிறதே.

முதல் பையன் குழாய் இல்லாத அறையில்
காற்றைத் தேய்த்து
"கை கழுவுகிறேன்" என்று அறிவித்தான்.
அடுத்தவள் ரயில் நிலைய அறிவிப்புபோல
இருபத்திரண்டையும் ஒப்பித்துவிட்டு
மிச்ச நேரத்துக்குச் சுவரைப் பார்த்தாள்.
ஒருத்தி அழுதாள்; நான் தட்டிக்கொடுத்தேன்,
அது என் பாத்திரத்தில் இல்லை.
மத்தியானத்துக்குள் நடித்த தோள்
நிஜமாகவே வலிக்கத் தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாவது, ல்வாண்டிலே ம்தெத்வா.
நெடிய ஆள், நாற்காலியை இழுத்து
என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தான்.
வரிசை குழம்பியது. தாடையை விட்டுவிட்டான்.
மாத்திரைகளைக் கேட்கவே இல்லை.
திடீரென்று,
"அம்மா, உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?"

மிஸஸ் ரெட்டியின் தாளில்
இதற்குப் பதில் எழுதித் தரவில்லை.
யாரும் இல்லை என்றேன்.
சொன்னது யார் என்று எனக்கே தெரியவில்லை.
அவன் பேனாவைக் கீழே வைத்தான்.
மணி அடித்தது.

தேர்வாளர் கணக்கில் பதின்மூன்று.
என் இரண்டும் சேர்ந்தால் பதினைந்து.
தேற வேண்டியது பதினாறு.
பென்சில் என் கையில்; கட்டம் ஒன்றுதான்;
அவன் விட்ட தாடையில்
நாளைக்கு ஒருத்தியின் உயிர் போகலாம்,
அதுவும் எனக்குத் தெரியும்.
கழுத்தில் குத்தாத காலர்,
தையல் பிரிந்தால் அதையும் திருப்பித்தான் அனுப்புவோம்.

வருவீர்களா?
வருவேன் என்று அழுத்தி டிக் போட்டேன்.

மறுதேர்வு ஜனவரியில்.
என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அன்றைக்கு வயிற்றுவலி.