திங்கட்கிழமைப் பட்டியல்

இன்று ஞாயிறு.
நாளை புதுப் பட்டியல் வரும்.
அதில் நான் இல்லை.

விதி சின்னது.
எடுத்த புள்ளிக்கு ஐம்பத்திரண்டு கிழமைதான் ஆயுள்.
மூன்று போட்டியிலாவது புள்ளி உயிரோடிருந்தால்தான்
பேருக்குப் பக்கத்தில் இலக்கம் போடுவார்கள்.
மொனாஸ்டிரில் எடுத்த ஒன்று இன்றிரவு காலாவதி,
மிச்சம் இரண்டு.
பால்மா பைக்கற்றிலும் இப்படித்தான் திகதி அடிப்பார்கள்,
அதையென்றாலும் கடைக்காரர்
அரைவிலைக்குத் தருவார்.

திருக்கடலூரிலிருந்து
முற்றவெளிக்குப் பின்னாலிருந்த கோர்ட்டுக்கு
சைக்கிளில் பதினொரு நிமிடம்.
சீமெந்துத் தரை, வெடிப்பெல்லாம் எருக்கலை.
வெயில் ஏறமுன் கோட்டை மான்கள் வந்து
அந்தப் பக்கத்து நடுக்கோட்டில் படுத்துவிடும்.
சூ என்றாலும் எழும்பாது.
நான் மூலை பார்த்து அடிக்கப் பழகியது
யாரும் சொல்லித் தந்தல்ல,
நடுவில் மான் கிடந்ததால்.

கொம்பு சிக்கி வலை கிழிந்த அன்று
றெஜிஸ் அண்ணன் சூடைவலைத் துண்டு கொண்டுவந்து
குந்தியிருந்து பொத்தினான்.
கறுப்பு வலையில் அந்த இடம் மட்டும் நீலம்.
நீலத்தில் பட்ட பந்து
மீன் மணத்தோடு திரும்பி வரும்.

ஆறு மணிக்கு ஊரடங்கு.
அதனால் எங்களுக்கு டியூஸ் கிடையாது,
நாற்பதுக்கு நாற்பது வந்தால் அடுத்த பந்தோடு சரி,
வென்றவளும் தோற்றவளும் ஒன்றாகச் சைக்கிள் மிதிப்போம்.
கொழும்பில் முதல் போட்டியில்
நாற்பதுக்கு நாற்பதில் ஒரு பந்தை வென்றுவிட்டு
கைகொடுக்க வலையடிக்குப் போனேன்.
நடுவர் சிரிக்காமல் சொன்னார்:
இன்னும் முடியவில்லை, தங்கச்சி.
போரில்லாத இடங்களில்
ஆட்டம் இவ்வளவு நீளமா என்றிருந்தது.

பதினைந்து குதிரைவலு யமகா எஞ்சினை விற்று
அண்ணன் முதல் டிக்கெட் எடுத்துத் தந்தான்.
என் முதல் பதினைந்து அதுதான்.

பிறகு அன்டாலியா, சாம் எல் ஷேக், இந்தோர்,
உஸ்பெக் பெண்ணொருத்தியோடு பாதி வாடகை அறை,
முகம் கழுவும் தொட்டியில் துவைத்த பாவாடை,
முதல் சுற்றில் தோற்றால்
நரம்பு கட்டக் காணாத காசு.
முந்நூற்று நாற்பத்தொன்றுவரை ஏறினேன்.
இந்தப் பூமியில் முந்நூற்று நாற்பது பேர்தான்
எனக்கு முன்னால் நின்றார்கள்.
மீன்சந்தையில் கேட்டார்கள்:
டீவியில எப்ப பிள்ள வருவாய்?

ஒரேயொருமுறை,
பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக் கடைசி ஆட்டம்.
ஒரு பந்து வேண்டும்.
அவள் ஓரத்துக்கு இழுபட்டு விழுந்து கிடக்கிறாள்,
பந்து என் இடுப்பளவில் மெல்ல வருகிறது,
நடு முழுக்க வெறும் தரை.
மூலைக்கு அடித்தேன்.
இரண்டு விரல் வெளியே.
அங்கே மான் படுத்திருக்கவில்லை என்பது
கண்ணுக்குத் தெரிந்தது,
கைக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டு அதற்குப் பிறகுதான் போனது.
இரண்டு சத்திரசிகிச்சை,
ஒரு திரும்பிவருதல்,
அதைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி,
என் பெயரில் ஓரெழுத்துப் பிழை.

எஞ்சின் காசு இன்னும் கொடுக்கவில்லை.
அண்ணன் கேட்டதுமில்லை.
அந்தக் கணக்குக்கு
ஐம்பத்திரண்டு கிழமை என்றொன்று கிடையாது.

இப்போது பதினொன்றரை.
கோர்ட்டுக்கு வந்திருக்கிறேன்,
துறைமுக விளக்கில் கோடு மங்கலாகத் தெரிகிறது.
கையில் பழைய பந்து ஒன்று.
நடுவுக்கு ஒன்று அடித்துப் பார்ப்போமென்று நினைத்தேன்.
மான் படுத்திருக்கிறது.

காத்திருக்கிறேன்.
பன்னிரண்டு அடிக்கும்வரை
நான் உலகின் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறாவது.
மான் காதை மட்டும் திருப்பி
அசைபோடுகிறது.