ஆறுக்கு வட்டம்

தாளில் ஒரு கோடு.
இந்த முனையில் சிரிக்கும் முகம், பூஜ்யம்.
அந்த முனையில் அழும் முகம், பத்து.
பலதுறை மருந்தகத்தில் நான் எப்போதும்
ஆறுக்கு வட்டம் போடுவேன்.
ஐந்து என்றால் மாத்திரையைக் குறைப்பார்கள்.
ஏழு என்றால் மறுபடி ஸ்கேன்.

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய இடுப்பு.
அங்கே கிளம்பி
முழங்காலின் பின்பக்கம் திரும்பி
கணுக்காலில் இறங்குகிறது வலி.
தடம் மாறாது.
நேரம்தான் சொல்ல முடியாது.

தோ பாயோ, லோரோங் எட்டு,
மின்தூக்கியை ஒட்டிய கடை.
மருத்துவர் கோ சியூ லிங் ஊசி போடுகிறார்,
மருந்தில்லாத ஊசி.
"புளிக்கிறதா?" என்கிறார்.
எனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில்
அந்தச் சொல் எலுமிச்சைக்கு உரியது.

எங்கள் மொழியில் புளிப்பது தோசைமாவு,
மூன்றாம் முறை கேட்கும் கதை.
சதை எப்படிப் புளிக்கும்?
என்னிடம் இருப்பது குடைச்சல்.
அதற்குச் சொல் கிடைக்காமல்
விரலைக் காற்றில் திருகிக் காட்டினேன்.
"ஓ, மேல்வீட்டு ரெனவேஷன்!"
சிரித்தேன்.
சிரிக்காதே, ஊசி ஆடும் என்று அவரே திட்டினார்.

பன்னிரண்டு ஊசிகள். சிவப்பு விளக்கின் சூடு.
திரைக்கு அப்பால் யாருடைய குறட்டையோ.
இருபது நிமிடம்
இறங்க வேண்டுமென்று எவரும் மணி அடிக்கவில்லை.
வலி போயிற்றா என்றால், இல்லை.
கடைசி இருக்கைக்குப் போய்
சன்னலோரம் உட்கார்ந்துகொண்டது.

ஊசிகளை எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
அவருடைய வலது கட்டைவிரல் மடங்கவில்லை.
முப்பது வருடம் பிறர் முதுகை அழுத்திய விரல்.
நீங்களே போட்டுக்கொள்ளலாமே?
"ஊசியா? எனக்கா? பயம்," என்றார்.

அடுத்த வியாழன்
கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து
துண்டு சுற்றி மடியில் வைத்து
நான்கு நிறுத்தம், பயணியாக.
ஒத்தடம் என்றேன்.
"ஒத்தாடாம்."
இல்லை, ஒத்தடம்.
கண்ணை மூடிக்கொண்டார்.
வரிசையில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
மாத்திரை இன்னும் நிற்கவில்லை.
இன்று அந்தத் தாள் மறுபடி வந்தது.
பெயர்: மனோன்மணி. வட்டம்: ஆறு.
கோட்டுக்குக் கீழே கிடந்த வெள்ளையில்
'கொஞ்சம் புளிப்பு' என்று எழுதினேன்.

தாதி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"அக்கா, இது சாப்பாட்டுக் கடை பாரம் இல்லை."