படி

மாதா மாதம் பத்தொன்பதாம் தேதி
எல்லோருடைய சம்பளமும் என் விரல் வழியாகப் போகிறது.
பாரோ ஊரில்,
நீர்மூழ்கிகள் கட்டும் வெள்ளை மண்டபம்
பாதி வானத்தை மறைக்கிற ஜன்னலோரம்,
எண்களைப் பார்ப்பதும் வாயை மூடிக்கொள்வதும்
இருபத்தோரு வருடமாக என் உத்தியோகம்.

இரண்டு செப்டம்பருக்கு முன்
திரையில் ஒரு கட்டம் புதிதாக முளைத்தது:
பற்றாக்குறைப் பாடப் படி.
இயற்பியலுக்கு மூவாயிரம் பவுண்டு.
கணக்குக்கு இரண்டாயிரம்.
மற்றவர்களுக்கு நேராக ஒரு கோடு.
பூஜ்யம்கூட இல்லை,
கோடு.

அலிஸ்டர் கெண்டல் அதைக் கேட்டு வாங்கவில்லை.
வந்த கூச்சத்தில்
ஆசிரியர் அறைக்கு விலை கூடிய பிஸ்கட் வாங்கி வைத்தார்.
இரண்டு நாள் யாரும் தொடவில்லை.
மூன்றாம் நாள் புவியியல்காரர் ஒன்றை எடுத்தார்.
மழை நாள், வேறு தின்ன எதுவுமில்லை.

மொய்ரா பென்னிங்டன், சமயக் கல்வி,
என் மேஜையில் கையூன்றிச் சொன்னாள்:
"அவருக்கு இருபத்து நான்கு பிள்ளைகள், எனக்கு முப்பத்தொன்று.
இரண்டு பேருக்கும் ஒரே மணிதானே அடிக்கிறது?"

உன் இடத்துக்கு விளம்பரம் போட்டால்
பத்தொன்பது விண்ணப்பம் வரும் மொய்ரா, என்றேன்.
அவருடையதற்கு ஒன்றே ஒன்று வந்தது.
அதுவும் வேறு பள்ளிக்கு எழுதியது,
பெயரைக்கூட மாற்றாமல்.

"அப்படியென்றால்
நன்றாக நடத்துவதற்கு இல்லை,
கிடைக்காமல் இருப்பதற்குத்தான் காசு."

என் நாற்காலிக்கு விளம்பரம் போட்டால்
அறுபது பேர் வருவார்கள்.
அதை நான் சொல்லவில்லை.

இந்த ஈஸ்டரில் அலிஸ்டர் தளத்துக்குப் போய்விட்டார்,
ஏறக்குறைய இரட்டைச் சம்பளம்.
கடைசிச் சீட்டை வாங்கும்போது சொன்னார்:
"அந்த மூவாயிரம் இல்லையென்றால்
போன வருடமே போயிருப்பேன், பெவர்லி."
ஆக, ஒரு வருடம் வாங்கியிருக்கிறோம்.
அந்த வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
மலிவா, அதிகமா?
கூட்டிக் கழிக்கத் தெரிந்த எனக்கு
இது தெரியவில்லை.

பத்தாம் வகுப்பின் மின்சாரப் பாடம்
மொய்ராவுக்கு வந்தது.
"சுத்தி வர்றப்ப கரண்ட் தீந்துபோகுமா மிஸ்?"
கடைசி வரிசைக் கெசியா கேட்டாளாம்.
"தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன்."

அன்று ஆறு மணிக்குச் சாவிக்கொத்தோடு
மாடிப்படி இறங்கினேன்.
ஆய்வகத்தில் வெளிச்சம்.
மொய்ரா தரையில், சுற்றிலும் கம்பிகள்,
மடியில் புத்தகம், எரியாத ஒரு பல்பு.
தொலைபேசியில் அலிஸ்டரின் குரல்,
பின்னால் கடற்காகங்கள்:
"பல்பை மாத்திப் பாருங்க.
அந்தப் பெட்டியில பாதி செத்தது."
மாற்றினாள்.
எரிந்தது.
மூவரும் ஒன்றும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
மூவருக்குமே அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

படியை அவளுக்குத் தரலாமா என்று
மேலிடத்துக்கு எழுதினேன்.
பாடம் நடத்துபவருக்கு அல்ல,
அப்பாடத்தில் பட்டம் பெற்றவருக்கு என்று
ஒன்றரை வரியில் பதில்.

பத்தொன்பதாம் தேதி
பென்னிங்டனுக்கு நேராக
மூவாயிரம் என்று அடித்தேன்.
பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.
சேமிக்கவா என்று திரை கேட்டது.
வேண்டாம் என்றேன்.
கோடு பழைய இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.
வாங்க ஆளில்லாத அந்தத் தொகை
ஜூலையில் திரும்பிப் போகும்.

மறுநாள் காலை மொய்ரா கெசியாவுக்குச் சொன்ன பதிலைக்
கதவுக்கு வெளியே, வருகைப் பதிவேட்டோடு
நின்று கேட்டேன்:
"கரண்ட் தீராது.
எவ்வளவு புறப்பட்டதோ அவ்வளவும் திரும்பி வரும்.
சுமந்துகொண்டு போன ஆற்றல்தான்
வழியில் இறங்கிவிடுகிறது."

"பல்புலயா மிஸ்?"

"பல்பில்.
கம்பியிலும் கொஞ்சம்.
தொட்டுப் பார், சுடும்."