இடது மிதி

நாலு சைக்கிளுக்கு நாலு பெட்டி.
ஐஸ்பெட்டி வந்த அட்டையை அறுத்து ஒட்டிக் கொடுத்தார்
சைக்கிள் கடை ஆ கியோங். ஒன்றுக்கு எட்டு வெள்ளி.
"பாலைவனத்துக்கா?"
இரண்டு தரம் கேட்டார்.
ஒரு டின் சங்கிலி எண்ணெயைக் கையில் எடுத்து
யோசித்து
திரும்ப அலமாரியிலேயே வைத்தார்.
"மணலுக்கு எண்ணெய் ஆகாது லா.
மெழுகு போடச் சொல்லு உன் வீட்டுக்காரனை."

வீட்டுக்காரர் போய் ஐந்து மாதம்.
பகாவ் செம்பனை ஆலையில்
பதினெட்டு வருஷம் கொதிகலனைக் கட்டி மேய்த்தவர்
இப்போது அங்கே வெயிலை மேய்க்கிறார்,
ஏக்கர் ஏக்கராகக் கண்ணாடித் தகடுகளில்.
வெள்ளிக்கிழமை தோறும் போனைத் திருப்பிக் காட்டுவார்:
வீடு. சுவர். சுவரின் நிறத்திலேயே தரை.
தரையின் நிறத்திலேயே வானம்.
"இங்கே எதுவும் துருப் பிடிக்காது சுசீலா"
என்பார், சீர்த்தட்டின் துணியை விலக்கிக் காட்டுவது போல.

நான் சைக்கிள் பழகியது முப்பத்தெட்டில்.
பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஓடிவர
பன்னிரண்டாம் பிரிவுச் செம்மண் ரோட்டில்
குலை ஏற்றிய லாரிக்கு ஒதுங்கி
வாய்க்காலில் விழுந்தேன்.
லாரிக்காரன் இறங்கி வந்து
முதலில் சைக்கிளைத் தூக்கினான்.
"வெல ஜாஸ்தி போலருக்கே அக்கா" என்றான்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விடியலில்
நாங்கள் நாலு பேர். ஊர் வைத்த பேர் சர்க்கஸ்.
ரொட்டி சானாய்க் கடையில்
எங்களுக்கென்று ஒரு மேசை உண்டு,
வெளியே, காக்கைகளுக்குப் பக்கத்தில்.
வியர்வை நாற்றம் அப்படி.

இன்றிரவு கழற்றுகிறோம்.
சீட்டு இறங்கியது. கைப்பிடி திரும்பியது.
வலது மிதி சொன்ன பேச்சுக் கேட்டது.
இடதுதான் வரவில்லை.
நாலு சைக்கிளிலும் வரவில்லை.
மண்ணெண்ணெய் விட்டோம், சுத்தியலால் தட்டினோம்,
இளவேந்தன் ஸ்பேனர் மேல் ஏறியே நின்றான்.
வழுக்கி, என் விரல் முட்டியில் தோல் போனது.
போனில் அவர் சிரிக்கிறார்:
"இடது மிதிக்குப் புரி எதிர்ப்பக்கம்.
கழற்றுவதாக நினைத்துக்கொண்டு
இவ்வளவு நேரமாய் இறுக்கிக்கொண்டிருக்கிறாய் நீ."

அதன் பிறகு கொஞ்ச நேரம்
யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை.

இளவேந்தன் எஸ்.பி.எம்.முக்கு இலக்கியம் எடுத்தவன்.
பாலை என்றால் பிரிவு என்று
பெட்டி ஒட்டிக்கொண்டே ஒப்பித்தான்.
வெளியே மழை, செம்பனை மட்டைகளில்
சலசலவென்று, ஐந்து மாதமாய் இதே மழை.
அப்படியானால் பாலை இங்கேதான் இருந்திருக்கிறது,
இடுப்பளவு புல்லோடு.
சொல்லவில்லை. சாக்ஸ் ஜோடி சேர்த்தேன்.

விமானத்தில் ஏற்ற டயர்க் காற்றை இறக்க வேண்டுமாம்.
நறுமுகை மட்டும் தன் முன்சக்கரத்தைக்
கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.
பெட்ரோல் ஸ்டேஷனில் ஓசியில் அடித்த காற்றுடீ, என்றேன்.
"எந்த ஊர் ஸ்டேஷன்ல?" என்கிறாள்.
பால்மரம் வெட்டிய ஊர் இது,
டயராவது நம்முடையது என்று நானும் ஒரு கணம் நினைத்து
பக்கவாட்டில் பார்த்தேன்.
தைவான் என்று போட்டிருந்தது.

பன்னிரண்டு மணி. அவள் தூங்கிவிட்டாள்,
கன்னத்தில் டயரின் பூப்போட்ட அச்சு.
இடது மிதியை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.
அவ்வளவுதான், வந்துவிட்டது,
இத்தனை காலம் கேட்கக் காத்திருந்தது மாதிரி.
வால்வின் மூடியைத் திறந்து அழுத்தினேன்.
புஸ்ஸென்று, ஈரமாய், கொஞ்சம் ரப்பர் வாடை.

பாதியில் விரலை எடுத்துவிட்டேன்.
விமான நிலையத்தில் பெட்டியை நிறுப்பார்கள்.
பிரித்து, டயரை அமுக்கிப் பார்க்க
யாருக்கு நேரம்.