மிதவை

மாசி மகத்துக்குச் சாமிகள் இறங்கும்
தேவனாம்பட்டினத்துக் கரையில்
இன்று நாங்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர்,
ரப்பர் தொப்பியோடு.
புஜத்தில் 94 என்று மார்க்கரால் எழுதிய பையன்
"மடக்காதீங்க ஆன்ட்டி, மை காயணும்" என்றான்.
சிப்காட் ஆய்வகத்தில் எனக்கு வேலை.
பதினாறு வருடமாய்த் தண்ணீரைச் சோதிக்கிறேன்,
ஒரு நாள் அது என்னைச் சோதிக்கட்டுமே
என்று வேடிக்கையாய் நினைத்துக்கொண்டேன்.
கடலுக்கு வேடிக்கை தெரியாது.

முதல் அலை மூக்கில்.
இரண்டாவது அலையில்
யாருடைய குதிகாலோ என் தாடையில்.
மன்னிப்புக் கேட்க
இருவருக்குமே வாய் ஒழியவில்லை.

மஞ்சள் மிதவை ஒன்று, அதைச் சுற்றித் திரும்பினால் போதும்.
அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள்.
பத்து வீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கிப் பார்த்தேன்.
நெருங்க நெருங்க
கடன் வாங்கியவன் தெருமுனையில் மறைவதுபோல்
நழுவிக்கொண்டே போனது தெற்கே.
என் கைக்குத்தான் வலுவில்லை என்று
இன்னும் வேகமாய் அடித்தேன்.
துடுப்புப் பலகையில் வந்த பெண்
"போதும் மேடம், கயிறு அறுந்துபோச்சு!" என்று கத்தும்வரை
துரத்தினேன்.
வாடைக்காற்று அவள் குரலைப் பாதிதான் கொண்டுவந்தது.

கேப்பர் மலை.
மலை என்பதெல்லாம் மரியாதைக்கு.
பஸ்ஸில் போனால் தூக்கத்திலேயே ஏறி இறங்கிவிடலாம்.
சைக்கிளுக்கு அது மலைதான்.
செம்மண் தடம், மேலே முந்திரிச் சருகு,
சருகுக்கடியில் வேர்.
பின்சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
செயின் கழன்று தொங்கிய இடத்தில்
முந்திரிப்பூ வாசனை
நெஞ்சடைக்கும் அளவுக்கு.

சருகு அரித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
(பெயரைப் பிறகு கேட்டேன்)
கேட்காமலே சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.
"செயிச்சா எவ்ளோ குடுப்பாங்க?"
"நாங்கதான் குடுத்திருக்கோம். மூவாயிரத்தைந்நூறு."
சாக்குமேல் உட்கார்ந்து சிரித்தாள்.
எனக்கும் வந்துவிட்டது.
அந்தச் சிரிப்பில் போனது நாலு நிமிடம்.
திருப்பிக் கேட்கமாட்டேன்.

பிறகு சவுக்குத்தோப்பு, மணல்,
ஒரு காலை எடுத்தால் மறு காலைப் பிடித்துக்கொள்ளும் மணல்.
தொடை என்னுடையதாய் இல்லை.
முடிவில் காற்றடைத்த வளைவை
இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
குனிந்துதான் நுழைந்தேன்,
கடைசிக்கு முந்தியவளாய்.

மதியம் முதுநகரிலிருந்து படகு.
"அக்கரைகோரிக்கு எதுக்கு?" என்றார் பாவாடைராயன்.
"சும்மா."
சும்மாவுக்கு ஒரு வாடகை சொன்னார், ஏறிக்கொண்டேன்.
உப்பனாறு எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது.
வேலைநாளாய் இருந்தால் குப்பியில் பிடித்திருப்பேன்.
இன்று கையை மட்டும் விட்டேன்.

தீவில் யாரும் நேரம் பார்க்கவில்லை.
தாழம்புதருக்கும் அலைக்கும் நடுவே
நொண்டி நொண்டி நடந்தேன்.
அடப்பங்கொடி ஊதாப் பூக்களோடு
மணலை இறுகப் பிடித்திருந்தது.
நண்டுகள் என்னைவிட ஒழுங்காய் ஓடின,
பக்கவாட்டில் என்றாலும்.
ஒரு தென்னையடியில் படுத்தேன்.
கண்ணை மூடினால் இன்னும் அலை தூக்கியது.

எழுந்து வளைவு திரும்பியபோது
மஞ்சளாய் அது.
பாதிக் காற்று போய், கன்னம் ஒட்டி,
அறுந்த கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆட்டுக்குட்டி.
மேலே சம்மணமிட்டு ஒரு சிறுமி.
"எங்களோடது. கடல் குடுத்துச்சு"
என்றாள், நான் எதுவும் கேட்குமுன்.

"ஒரே ஒரு தடவை சுத்திக்கட்டுமா?"

என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தாள்,
புஜத்தில் அழியாத 94ஐப் பார்த்தாள்.
"குட்டியை மிதிக்காம சுத்துங்க."

இடப்பக்கமாய், விதிப்படி, முழுதாய்ச் சுற்றினேன்.
குட்டியும் கூடவே வந்தது.
கயிறு மிதவையோடு சேர்த்து
அவள் காலையும் சுற்றிக்கொள்ள
பிரித்துவிட எதிர்ப்பக்கம் ஒரு சுற்று
போக வேண்டியிருந்தது.

அது கணக்கில் சேருமா, தெரியவில்லை.