காலி வண்டியின் உயரம்

கொண்டை ஊசி இருபதும் இறங்கி
சேலம் வந்தபோது
ஜீப்பில் நானும் டீசல் வாசமும் மட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் முனவ்வரின் பட்டறை.
குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தவர்
"எத்தனை தடவை?" என்றார்.
டிஃபரன்ஷியலின் அடிவயிற்றில்
வெள்ளை வெள்ளையாய்க் கீறல்.
எண்ணவில்லை என்றேன்.
எண்ணியிருந்தேன். பதினேழு.
எல்லாம் ஒரே கல்.

எஸ்டேட் கேட்டுக்கு அப்பால்
ஓடை பாதையைத் தின்றுவிட்ட இடத்தில்
உட்கார்ந்திருக்கிறது அது.
ஒவ்வொரு ஐப்பசிக்கும்
ஒரு விரல் வளர்ந்தது போலிருக்கும்.
மண்தான் கரைகிறது.

கம்பியால் கட்டிய ஸ்பிரிங் கட்டுகளை
தகரத்தின் மேல் போட்டார்
கறிக்கடைக்காரர் தொடையைப் போடுவதுபோல.
"இது ரெண்டு அங்குலம். இது நாலு.
நாலு போட்டா கல்லைப் பார்க்கவே வேணாம்.
ஆனா பிரேக் ஓஸ் எட்டாது, மாத்தணும்.
புரொப்பெல்லர் ஜாயின்ட் சீக்கிரம் போகும்.
வளைவுல வண்டி
வெளிப்பக்கமா ஒரு மூச்சு சாயும்."

அந்த ஒரு மூச்சை
இருபதால் பெருக்கிப் பார்த்தேன்.

"ஷேக்கிளை மட்டும் நீட்டினா?"
"ரெண்டு அங்குலம் நீட்டு, ஒண்ணுதான் ஏறும்.
பாதி ஸ்பிரிங்குக்குக் கமிஷன்."

கொழுந்தன் சகாயத்துக்குப் படம் அனுப்பினேன்,
வண்டிக்கடனில் அவன் கையெழுத்தும் உண்டு.
உடனே பதில்:
"நாலு போடுங்க அண்ணி
சிங்கம் மாதிரி நிக்கும்."
நிற்கிற வண்டிக்கு
தவணையை யார் கட்டுவது?

நாளை சொல்கிறேன் என்று
வெறுங்கையோடு மலையேறினேன்.

காலை ஆறரை. வாழவந்தி விலக்கு.
நான்கு சக்கரத்துக்கும் பலகை வைத்து
வண்டியை ஏற்றி நிறுத்தினேன்.
பழம் பறிக்கப் போகும் பதினோரு பேரும்
எனக்குப் பித்து பிடித்ததென்று முடிவுகட்டினார்கள்.
"ஏறுங்க" என்றேன்.
ஏறினார்கள். கடைசியாக வெள்ளச்சி,
கம்பியைப் பிடித்து, என்னைத் திட்டி,
இடது முழங்காலைத் திட்டி.

இறங்கச் சொல்லி
பலகைக்குப் பதில் செங்கல் வைத்தேன்.
இம்முறை அவள் காலைத் தூக்கினாள்,
சேலை விடவில்லை.
மறுபடி தூக்கினாள்.
பிறகு புட்டுக்கூடையை மட்டும் உள்ளே வைத்துவிட்டு
"நீ கல்லுக்கு மேல தூக்குறியா
எனக்கு மேல தூக்குறியா?" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
பனி சில்வர் ஓக்கிலிருந்து
மிளகுக் கொடி வழியாகச் சொட்டியது.

செங்கலை எடுத்துப் போட்டேன்.
எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும்
குனிந்து டேப் பிடித்தேன்.
அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே
மூன்று விரற்கடை காணாமல் போயிருந்தது.
இத்தனை நாளும் நான் அளந்தது
காலி வண்டியை.

முனவ்வருக்குப் போன் போட்டேன்:
போகும்போது பதினோரு பேர்,
வரும்போது அவர்களோடு ஏழு மூட்டை.
"அதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?
உனக்கு வேண்டியது உயரமில்ல.
பின்னால தடியா ஒரு பட்டை.
ரெண்டே அங்குலம். சனிக்கிழமை வா."

சனிக்கிழமை போனேன்.
புதுப் பட்டை நீலமாக இருந்தது,
பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது.
யூ போல்ட்டை முறுக்கும்போது முனவ்வரின் மகன்
மூச்சை அடக்கிக்கொண்டான்.
பில்லில் நான் எதிர்பார்த்ததைவிட
எண்ணூறு கூடுதல்.
சகாயத்திடம் சொல்லவில்லை.

திங்கள் மாலை.
ஏழு மூட்டை, பதினோரு பேர்,
ஓரமாக மழை.
கல் தெரிந்தது.
முதல் கியருக்கு மாற்றினேன்.
பின்னால் பேச்சு நின்றது.
கண்ணாடியில் பார்த்தேன்:
பதினோரு பேரும் கம்பியைப் பிடித்து
சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி
அந்தரத்தில் இருந்தார்கள்,
வெள்ளச்சி எல்லாரையும்விடச் சற்று மேலே,
வண்டி அதனால்
ஒரு நூல் உயர்ந்துவிடும் என்பதுபோல்.